பண்டத்தரிப்புக் கோயிற்பற்று: ஒரு காணி உறுதிக்கு உரை

அம்மம்மாவின் சீதன உறுதியின் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணை இது. ஆட்பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"யாழ்ப்பாண மாவட்டம், வலிகாமம் மேற்குப் பிரிவு, பண்டத்தரிப்புக் கோயிற்பற்றைச் சேர்ந்த பண்டத்தரிப்பு இறையில் உள்ள புளியடி வளவு என்னும் காணி பரப்பு 4, குழி 9, வரகு விதைப்பு. இதிலுள்ள கல்வீடு, விறாந்தை, குசினி, கிணறு, வான்பயிர், செய்பயிர் உட்பட. இதற்கு எல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கு உரித்தாளிகள், மேற்கு மிசன் காணி, தெற்கு சில்லாலைக்குப் போகும் வீதி. இவ்வெல்லைக்குட்பட்ட முழுவதிலும் பொதுவில் மூன்றில் ஒரு பங்கும், கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும்."

இதில் சொல்லப்பட்ட வீட்டின் முன்பாதி இன்னும் நிற்கிறது. பின்பாதியில் கூரை இல்லை. அதை இடித்து விற்பதா, விடுவதா என்று பங்காளிகள் மூன்று நாடுகளில் இருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடிப்பதென்று முடிவானால் அதைத் தடுக்கும் வலு எனக்கில்லை. அதற்கு முன் இந்தப் பத்து வரியையும் ஒருமுறை சொல் சொல்லாக வாசித்துவிட வேண்டும் என்று இருந்தேன். கட்டடம் பற்றிப் பேசுகிறவர்கள் தூணையும் வளைவையும் படம் எடுக்கிறார்கள், உறுதியைத் திறந்து பார்ப்பதில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டின் வரலாறு உறுதியில்தான் முதலில் எழுதப்படுகிறது.

"வலிகாமம் மேற்குப் பிரிவு"

இதில் நிற்கத் தேவையில்லை. இன்றைய நிர்வாகத்தில் பண்டத்தரிப்பு வலிகாமம் தென்மேற்கில், சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. நொத்தாரிசின் எழுத்தில் அது இன்னும் வலிகாமம் மேற்குத்தான். அரசு எல்லையை மாற்றும், உறுதி பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். நொத்தாரிசு என்ற சொல்லும் அப்படித்தான். ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டு தாண்டியும் அவர்கள் விட்டுப்போன பெயராலேயே அந்த எழுத்தரை அழைக்கிறோம்.

"பண்டத்தரிப்புக் கோயிற்பற்று"

இந்த உறுதியில் எனக்கு மிகப் பிடித்த சொல் இது. இளவயதில் இதைப் பிள்ளையார் கோயில், அம்மன் கோயில் என்று எண்ணியிருந்தேன். இந்தக் கோயில் அதுவல்ல. கோயிற்பற்று என்றால் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் பற்று, அதாவது பங்கு. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபின் குடாநாட்டைப் பங்குகளாக வகுத்து, பங்குக்கொரு ஆலயம் கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியபோது அந்த ஆலயங்களையும் எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கத்தை விலக்கித் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு மாற்றினார்கள். ஒல்லாந்தப் போதகர் பிலிப்பஸ் பால்டியஸ் அந்த ஆண்டிலேயே இங்கு வந்தவர். 1672 இல் அம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவருடைய பெருநூல் யாழ்ப்பாணத்து ஆலயங்களை ஊர் ஊராகச் சொல்லிச் செல்கிறது. அந்த வரிசையில் பண்டத்தரிப்பும் உண்டு.

அந்த ஆலயம் வழிபாட்டுக்கு மட்டும் கட்டிய இடமாக இருக்கவில்லை. கிழமை நாட்களில் அதுதான் பள்ளிக்கூடம். பள்ளி ஆசிரியரின் கையில்தான் தோம்பு என்னும் பதிவேடு இருந்தது. யார் பிறந்தார், யார் யாரை மணந்தார் என்பதெல்லாம் அதில் ஏறியது. தோம்பு என்பதே போர்த்துக்கேயர் கொடுத்த சொல். காணிக்கும் தோம்பு, ஆளுக்கும் தோம்பு.

உறுதிக்கும் ஆலயத்துக்கும் இதைவிட நெருங்கிய உறவு ஒன்று இருந்தது. 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமை என்ற சட்டமாக எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். காணி விற்பனை பற்றிய இடத்தில் அந்தத் தொகுப்பு ஒரு கட்டளையைச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த புளோம் காலத்திலிருந்து நடைமுறையில் வந்த கட்டளை அது. ஒருவர் காணி விற்க நினைத்தால், அந்த எண்ணத்தை அவருடைய ஆலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிறு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் விற்பனை. உரித்தாளிக்கோ பங்காளிக்கோ அந்தக் காணியை ஈடு பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கோ அது வேண்டுமென்றால், வெளியாளுக்கு முன் அவர்கள் எழுந்து கேட்கலாம்.

நான் அந்த ஞாயிறை அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தடித்த முருகைக்கல் சுவர். மேலே பனஞ்சிலாகை. உள்ளே ஊர் முழுவதும். அதில் எத்தனை பேர் மனதார அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் என்பது வேறு கதை. பதிவு இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது, உத்தியோகம் கிடையாது என்பதால் வந்து நின்றவர்கள் பலர். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இன்னாருடைய புளியடி வளவு விலைக்கு வருகிறது என்று ஒருவர் உரத்து வாசிக்கிறார். கட்டாயத்தின் பேரில் எழுந்த கட்டடம் அது, அதில் எனக்கு மயக்கமில்லை. ஆனால் ஒரு காணி கைமாறுவது ஊரறிய நடக்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்தச் சுவர்களுக்குள்ளேதான் நடந்தது. இன்று எங்கள் வளவின் விலை கைப்பேசிக் குழுவில் பேசப்படுகிறது. அயலவருக்கு அது எட்டுவதில்லை.

சைவக் குடும்பத்தின் சீதன உறுதியில் கோயிற்பற்று என்று எழுதும்போது, பறங்கி வகுத்த பங்கின் பெயரைத்தான் எழுதுகிறோம். ஆலயம் இருந்த இடத்தில் ஓடு மாறலாம், சுவர் மாறலாம், கட்டடமே மாறலாம். சொல் மாறவில்லை. அந்தக் காலத்து ஆலயம் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர் பக்கத்துச் சங்கானைக்குப் போகலாம், கூரையில்லாத சுவர்கள் அங்கே நிற்கின்றன. வட்டுக்கோட்டைக்கும் போகலாம். அங்கே அதே பரம்பரைக் கட்டடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது, தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு அதுவே பேராலயம்.

"இறையில்"

இறை என்றால் வரி. ஒரே வரிக்கணக்குக்குள் வந்த நிலப்பகுதி ஓர் இறை. ஊர்ப்பெயருக்கு மக்கள் சொல்லும் விளக்கமும் இதோடு ஒத்துப்போகிறது. மாதகல் கரையில் இறங்கிய பண்டங்கள் தரித்து நின்ற இடம் என்பதால் பண்டத்தரிப்பு. துறைக்குப் பக்கத்து ஊர், சரக்குத் தரித்த ஊர், ஆகவே வரிக்காரன் கண் வைத்த ஊர்.

"பரப்பு 4, குழி 9, வரகு விதைப்பு"

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விளக்குவது கடினம். வரகு விதைக்கும் மேட்டு நிலத்தில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல் விதைக்கும் வயலில் 12 குழி ஒரு பரப்பு, 24 பரப்பு ஓர் ஏக்கர். எந்த வழியில் பெருக்கினாலும் ஏக்கருக்கு 288 குழி வரும். குழி மாறாது, பரப்புத்தான் விளைவுக்கேற்ப மாறும். எங்கள் வளவு 81 குழி, இன்றைய கணக்கில் 45 பேர்ச்.

எங்கள் வளவில் வரகு விளைந்ததை அம்மம்மாவே கண்டதில்லை. ஆனாலும் இந்த நிலத்தின் அளவு வரகில்தான் சொல்லப்படுகிறது. கல்வீடு எழும்புவதற்கு முன் இந்த மண் என்னவாக இருந்தது என்பதை அந்த ஒரு சொல் தாங்கி நிற்கிறது.

"கல்வீடு"

எழுதியவர் வீடு என்று எழுதியிருக்கலாம். கல்வீடு என்று பிரித்து எழுதக் காரணம், அயலில் இருந்தவை மண்வீடுகள். மண்சுவர், பனையோலை வேய்ச்சல், சாணி மெழுகிய நிலம். சுண்ணாம்புச் சாந்தில் கல் வைத்துக் கட்டுவது கோட்டைக்கும் ஆலயத்துக்கும் கந்தோருக்கும் உரிய வேலையாகத் தொடங்கி, மெல்ல மெல்ல வசதியான குடிகளின் வீட்டுக்கு இறங்கி வந்தது. எங்கள் பக்கத்தில் கல் என்றால் இரண்டு. கரையோரத்து முருகைக்கல் இலேசானது, துளை நிறைந்தது, வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டு இறுகும். கிணறு வெட்டும்போது வருகிற வெள்ளைக்கல் அதைவிடக் கனம். இரண்டையும் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. நிலத்தடியில் தொட்ட இடமெல்லாம் சுண்ணாம்புக்கல்லாக இருக்கும் குடாநாட்டில், சுவரும் சுவரைப் பூசும் சாந்தும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. பங்குனி வெயிலில் வெளியே கை வைத்தால் சுடும். உள்ளே அறைவீட்டில் கன்னத்தைச் சாய்த்தால் குளிரும். அந்தச் சுவரில் சீமெந்து பூசினால் என்ன ஆகும் என்பதை இப்போது பின்பாதி காட்டுகிறது. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், அதற்கு மூச்சு வேண்டும். எங்கள் ஆட்களே நல்லெண்ணத்தோடு ஒருமுறை பின்சுவர்களுக்குச் சீமெந்து பூசுவித்தார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் சாந்தைத் தின்றது. பூச்சு பாளம் பாளமாகக் கழன்றபோது கல்லும் சேர்ந்து வந்தது. முன்பாதி தப்பி நிற்பதற்குக் காரணம் அன்றைக்குச் சீமெந்து போதாமற் போனதுதான் என்று நினைக்கிறேன். பழைய வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இதை ஒரு வேண்டுகோளாகச் சொல்கிறேன்: சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசுங்கள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சட்டத்தில் என்ன காவல் இருக்கிறது? இலங்கையின் 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2 என்ற நாளைக் கோடாகப் போட்டிருக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் என்றால் தொல்பொருள். பிந்தியது என்றால் தனியாக அறிவித்துத்தான் காக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அந்த நாள் எந்த வகையில் எல்லை என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் இராச்சியம் விழுந்தது 1619 இல், ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்துக்குள் வந்தது 1795 இல். 1815 இல் இங்கே எந்தச் சுவரும் எழவும் இல்லை, விழவும் இல்லை. குடாநாட்டின் நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடுகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுந்தவை. எங்கள் வீடும் அப்படியே. கல்வீடு என்று பெருமையோடு எழுதிய நொத்தாரிசுக்குத் தெரிந்த அருமை சட்டத்தின் கண்ணுக்குப் படவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உறுதியில் கொடுத்தவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு, சாட்சிகளின் பெயரும் எழுதியவரின் பெயரும் உண்டு. கல் சுமந்தவர், சூளை வைத்தவர், சுவர் எழுப்பியவர் பெயர் எதுவும் இல்லை. அவர்களிற் பலர் இந்த வீட்டின் முற்றத்தைத் தாண்டி உள்ளே வர அனுமதிக்கப்படாதவர்கள். மரபுரிமை என்று சொல்லி இந்தச் சுவரைக் காக்கக் கேட்கும்போது அவர்களுடைய கைவேலையைக் காக்கத்தான் நான் கேட்கிறேன்.

"விறாந்தை, குசினி"

இரண்டும் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். கூடவே யன்னல், அலுமாரி, கதிரை, மேசை, சாவி, வாங்கு. மேசையின் இலாச்சி மட்டும் ஒல்லாந்தருடையது. வெளிநாட்டுச் சொல் எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் வீட்டின் அமைப்பு விளங்கும். வெளியாளை வரவேற்கும் முன்பக்கத்துக்கும், திறந்து மூடும் பொருட்களுக்கும், இருக்கிற தளபாடத்துக்கும் அந்தச் சொற்கள். உள்ளே போகப் போக முற்றம், திண்ணை, அறைவீடு, கோடி என்று தமிழாகிவிடுகிறது. குசினி மட்டும் அடுக்களையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டது.

கட்டடமும் அதே வரிசையில்தான் இருக்கிறது. வீதியிலிருந்து பார்த்தால் உருண்டைத் தூண் நான்கு, அகன்ற விறாந்தை, உயரமான இரட்டைக் கதவு. ஒல்லாந்தர் காலத்து வீடு என்று சொல்லிவிடுவார்கள். தலைவாசலைத் தாண்டினால் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், மழைநீரை வாங்கும் பீலி. அது இந்த மண்ணின் நாற்சார் வீடு. ஊரார் தங்கள் வீட்டுக்கு அரசாங்கத்தின் முகத்தை ஒட்டவைத்தார்கள், வயிற்றைக் கொடுக்கவில்லை. காலனிக் கட்டடக்கலை என்று ஒரே பெயரில் இதை அடக்கும்போது இந்தப் பேரம் மறைந்துபோகிறது.

"வான்பயிர், செய்பயிர்"

நின்று வளரும் மரம் வான்பயிர். பனை, தென்னை, புளி, மா. கையால் செய்வது செய்பயிர். வீட்டு உறுதியில் மரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வைரமேறிய முதிர்பனையைப் பிளந்து செதுக்கினால் சிலாகை, அதுதான் கூரையின் எலும்பு. கறையான் எளிதில் அண்டாது, நூறு வருடம் தாங்கும். ஆக, வீட்டின் அடுத்த கூரை பக்கத்திலேயே நின்று வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டையும் பனையையும் ஒரே மூச்சில் எழுதியவர் அதைத் தெரிந்தே எழுதினார்.

போர்க்காலத்தில் பனைகள் காவலரணுக்குத் தறிபட்டன. எங்கள் வளவில் நின்றவையும் போயின. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அன்றைக்கு வீட்டுச் சாவியை அம்மம்மா இடுப்பில் செருகிக்கொண்டு போனா. திரும்பி வந்தபோது சாவி இருந்தது, கதவு இல்லை. கதவை மாற்றலாம். சிலாகைக்கு முதிர்பனை எங்கே போய்த் தேடுவது? பின்கூரை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

"கிழக்கு ஒழுங்கை, வடக்கு உரித்தாளிகள்"

"பிள்ளை, உறுதி வாசிக்கேக்கை எல்லையை முதல்லை பார்க்கோணும்" என்பது அம்மம்மாவின் பேச்சு. அயல் யாரென்று தெரியாமல் காணி எதுவென்று தெரியாது என்பா. இந்த இரண்டு எல்லைகளும் கதியால் வேலிகள்தான்.

"மேற்கு மிசன் காணி"

ஆங்கிலேயர் வந்தபின் ஒல்லாந்தச் சபையின் ஆலயங்கள் பல கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது அந்தப் பழைய நிலையங்களே அவர்களுக்குக் கிடைத்தன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பிறகு உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய். கோயிற்பற்று மீண்டும் கைமாறியது. பண்டத்தரிப்புக்கு 1820 இல் வந்தவர் மருத்துவர் யோன் ஸ்கடர். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிசனரி என்று அவரைச் சொல்வார்கள். மனைவி ஹரியற்றோடு இங்கே குடியிருந்து நோயாளிகளைப் பார்த்தார், பள்ளி நடத்தினார். 1836 இல் சென்னைக்குப் போனார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் 1900 இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வைத்தியத்துக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர் பலருக்கு, அந்தக் குடும்பத்தின் ஆசிய வாழ்வின் தொடக்க ஆண்டுகள் தங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கழிந்தன என்று தெரியாது. அதைச் சொல்லும் பலகை ஒன்றாவது அங்கே வைக்கலாம்.

"தெற்கு சில்லாலைக்குப் போகும் வீதி"

1687 இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரனைப் போல் வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் மறைந்திருந்த ஊர் சில்லாலை. கத்தோலிக்கக் குருமாருக்கு ஒல்லாந்தர் தடை போட்டிருந்த காலம். ஆலயங்கள் எல்லாம் அவர்கள் கையில். ஆகவே இருட்டியபின் வீடுகளிலே பூசை நடந்தது. 2015 சனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆட்சி செய்தவர்களின் பெரிய கட்டடங்களை எண்ணிக் கணக்கெடுக்கிறோம். அடைக்கலம் கொடுத்த மண்வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீதி மட்டும் அப்படியே போகிறது.

"பொதுவில் மூன்றில் ஒரு பங்கும்"

பொதுவில் என்றால் பிரிக்காமல். எந்த மூலை யாருடையது என்று கோடு கிழிக்காமல், முழுவதிலும் எல்லாருக்கும் உரிமை. சீதனமாக ஒரு பங்கு, முதுசமாக ஒரு பங்கு என்று தலைமுறை தோறும் பங்கு பெருகும். அம்மம்மாவின் மூன்றிலொன்று இன்று அவருடைய ஐந்து பிள்ளைகளுக்குப் பதினைந்தில் ஒன்றாக நிற்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு வரும்போது அது எழுதவே கூசுகிற பின்னம்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைக் குண்டு கொன்றதைவிட இந்தப் பின்னம் அதிகமாகக் கொன்றிருக்கிறது என்பது என் எண்ணம். குண்டு விழுந்த வீட்டைத் திருத்த ஓர் உரிமையாளர் இருந்தால் போதும். ரொறன்ரோவில் இரண்டு பேர், இலண்டனில் ஒருவர், கொழும்பில் ஒருவர், தொடர்பே இல்லாமற் போன ஒருவர் என்று உரிமை சிதறிய வீட்டில் ஒரு பீலியை மாற்றவும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் செலவழித்தால் அது எல்லாருக்குமான செலவு, ஒருவரும் செலவழிக்காவிட்டால் அது எல்லாருக்குமான இடிபாடு. பிரிவினை வழக்குப் போட்டால் நில அளவையாளர் வந்து முற்றத்தின் நடுவே நூல் பிடிப்பார். நாற்சாரைப் பங்கு போட முடியாது. காணியைத்தான் போடலாம், அதற்கு வீடு விலக வேண்டும்.

ஆனாலும் இந்தப் பொதுவிலேதான் எனக்கொரு பிடியும் இருக்கிறது. பிரிக்காத வரைக்கும் யாரும் தனியே இடிக்க முடியாது. இடைப்பட்ட காலத்தில் செய்யக்கூடிய வேலை கொஞ்சம் உண்டு. முன்பாதியை அளந்து வரைபடம் போட்டுவிட்டேன். தூணின் சுற்றளவு, கதவின் உயரம், சிலாகைக்குச் சிலாகை இடைவெளி, பீலியின் வாட்டம் எல்லாம் கொப்பியில் இருக்கின்றன. முற்றத்து மூலையில் சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறேன். கழன்ற இடங்களுக்குப் பூச, பழைய முறை தெரிந்த மேசன் ஒருவர் மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"வழி வாய்க்கால் பாத்தியதையும்"

காணிக்குள் நடந்து போகவும் தண்ணீர் இறைத்துக் கொண்டுபோகவும் உள்ள உரிமை. எங்களுடையது பங்குக் கிணறு, வடக்கு வளவுக்காரருக்கும் அதில் பங்கு. துலா போய், கப்பி வந்து, இப்போது சிறிய மோட்டர். படலை இத்துப்போய்ப் பல காலம். விடிய ஐந்து மணிக்கு அந்த வீட்டுப் பெண் வாளியோடு வந்து, விறாந்தைத் தூணில் ஒரு கையை ஊன்றிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போகிறா. அந்தத் தூணில் அவவின் உள்ளங்கை படும் இடம் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து பளபளவென்று இருக்கிறது.